யூனிஸ் டீச்சருக்குக் கேட்ட சத்தம்

தினமும் காலையில் எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் யூனிஸ் டீச்சர் காரிலிருந்து இறங்கிவிடுவார். பானட்டைத் தூக்கிக் கம்பியில் நிறுத்துவார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி ஸ்வெட்டர் பைக்குள் போட்டுக்கொள்வார். அப்புறம் தலையைச் சாய்த்து வலது காதை எஞ்சின் பக்கம் கொடுத்து, இடது காதை விரலால் அடைத்துக்கொண்டு கண்ணை மூடுவார். கேத்திப் பள்ளத்தாக்கில் அந்த நேரத்துக்குக் கேரட் வயல்கள் மேல் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும். தகர ஷெட்டுக்குள் அந்தப் பழைய அம்பாசடர் நடுங்கிக்கொண்டு நிற்கும். முன்சீட்டில், இடது பக்கம், அவருடைய கணவர் பவுல்ராஜ் மப்ளரைக் காது வரை சுற்றிக்கொண்டு, குளிருக்குக் கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டு, மனைவி கேட்டு முடிக்கட்டும் என்று பொறுமையாக உட்கார்ந்திருப்பார்.

டிக், டிக், டிக் என்று ஒரு சத்தம். கடிகாரத்தைவிட வேகம், தையல் மிஷினைவிட மெல்லிசு. நான் கேட்டால் இருப்பது போலவும் தோன்றும், இல்லாதது போலவும் தோன்றும். டீச்சருக்கு அதில் சந்தேகமே கிடையாது.

“கேக்குதுங்களா? இதா, இப்ப. கொழந்தை நாக்கைச் சொடுக்குற மாதிரி.”

கேட்கிறது என்று மரியாதைக்குத் தலையாட்டினால் கண்டுபிடித்துவிடுவார். “உங்களுக்குக் கேக்கல. பரவால்லீங்க, போய்க் குளிங்க.”

அவர்கள் வீட்டின் பின்பகுதியில் நான் வாடகைக்கு இருக்கிறேன். அருவங்காட்டுத் தொழிற்சாலையில் குமாஸ்தா வேலை. டீச்சர் குன்னூரில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு எடுக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் கொயரை நடத்துகிறார். பாடுகிறவர்களில் யார் சுருதி இறங்குகிறார்கள் என்பதைத் திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடுவார் என்று கொயரில் ஒரு பயம் உண்டு. எனக்கும் அந்தக் காதின் அனுபவம் இருக்கிறது. ஒரு நாள் காலையில் என் கதவைத் தட்டி, “உங்க ஊட்டுக் கொழாய் சொட்டுதுங்க. வாசர் போயிருச்சு,” என்றார். இடையில் இருப்பது ஒன்றரை அடிக் கல்சுவர். பாத்திரம் வைத்துப் பார்த்தேன். சொட்டிக்கொண்டுதான் இருந்தது.

காது மட்டும் இருந்திருந்தால் அவரைப் பற்றி எழுதத் தோன்றியிருக்காது. கேட்டதை விடமாட்டார் என்பதுதான் விஷயம். சர்ச் ஆர்கனில் ஒரு கட்டை லேசாகப் பிசிறடிக்கிறது என்று ஒருமுறை சொன்னார். பாஸ்டருக்குக் கேட்கவில்லை, கமிட்டிக்குக் கேட்கவில்லை, கோயமுத்தூரிலிருந்து வந்த ரிப்பேர்க்காரருக்கும் கேட்கவில்லை. ரிப்பேர்க்காரர் மூன்றாம் முறை மலையேறி வந்து, வேறு வழியில்லாமல் முழுப் பெட்டியையும் பிரித்தார். உள்ளே ஒரு குளவி கூடு கட்டியிருந்தது. டீச்சர் அதைப் பற்றி அப்புறம் யாரிடமும் பேசவில்லை. அடுத்த ஞாயிறு அந்தக் கட்டை சரியாகப் பாடியதும் அவருக்குப் போதுமாக இருந்தது.

பவுல்ராஜ் நேர் எதிர். குந்தா பவர் ஹவுஸில் டர்பைன்களுக்குப் பக்கத்தில் காலம் முழுக்க வேலை பார்த்துக் காதைக் கொடுத்துவிட்டு வந்தவர். பக்கத்தில் நின்று உரக்கச் சொன்னால் கேட்கும். காது மிஷின் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். அது அவருடைய சட்டைப் பைக்குள் பத்திரமாக இருக்கிறது. மிஷின்கள் தெரிந்த மனிதர், ஆனால் சத்தம் கேட்காது. டீச்சருக்குச் சத்தம் கேட்கும், மிஷின் தெரியாது. இப்படித்தான் அந்தக் கார் இரண்டு பேருக்கும் நடுவில் போன வருஷம் முழுக்க டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது.

குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்குக் கீழே ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் மாரப்பன்தான் அவர்களுடைய மெக்கானிக். வேலையில் சுத்தமான ஆள், ஏமாற்றுகிறவர் இல்லை. முதல் தடவை கேட்டதுமே, அது டேப்பெட் சத்தம் என்றார். எஞ்சின் தலைக்குள் வால்வுகளைத் தட்டித் திறக்கும் சின்ன இரும்புகள் தேய்ந்து இடைவெளி விட்டால் அப்படித்தான் டிக் டிக் என்று அடிக்கும், எண்ணெய் சூடாகிப் பரவினதும் அடங்கிவிடும் என்று விளக்கினார். இடைவெளியைச் சரி செய்தும் கொடுத்தார். மறுநாள் காலை ஷெட்டில் சத்தம் அப்படியே இருந்தது.

டீச்சர் திரும்பிப் போனார். மாரப்பன் ஃபேன் பெல்ட்டைப் பார்த்தார். இன்னொரு முறை பிளக்குகளை மாற்றினார். டீச்சர் மறுபடியும் போனார். சிக்கல் என்னவென்றால், கேத்தியிலிருந்து குன்னூர் போய்ச் சேருவதற்குள் எஞ்சின் நன்றாகச் சூடேறிவிடும், சத்தம் போய்விடும். மாரப்பன் குனிந்து கேட்பார், நிமிர்ந்து கையைத் துடைப்பார்.

“ஒண்ணுமில்லீங்க டீச்சர். வயசான வண்டி. உங்களுக்கும் எனக்கும் முட்டி சத்தம் போடறதில்லீங்களா?”

“என் முட்டி சத்தம் போட்டா நான் டாக்டர்கிட்டப் போவேனுங்க மாரப்பன். சும்மா விட மாட்டேன்.”

ஒர்க்‌ஷாப்பில் இருந்தவர்கள் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. அடுத்த மாதமும் போய் நின்றார்.

இதே காலத்தில்தான் பவுல்ராஜுக்கு என்னவோ ஆகத் தொடங்கியது. தினமும் காலையில் மனைவியுடன் காரில் குன்னூர் போவது அவருடைய வழக்கம். டீச்சர் பள்ளிக்கூடத்துக்குப் போக, இவர் மார்க்கெட்டில் காய்கறி பார்த்துவிட்டு, மின்சார வாரியத்துப் பழைய கூட்டாளிகளோடு ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருப்பார். சாயங்காலம் இருவரும் சேர்ந்து மலையேறுவார்கள். அந்தக் கூட்டாளிகள்தான் முதலில் கவனித்தார்கள். பவுல்ராஜ் வந்ததும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார், பேச்சில் சேருவதில்லை, பதினொரு மணிக்கு மேல்தான் முகம் தெளிகிறது. ஒரு நாள் மார்க்கெட் வாசலில் இறங்கியவர் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றார். யாரோ கையைப் பிடித்து டீக்கடையில் கொண்டுவந்து விட்டார்கள். அங்கே அவர் ஒரு நண்பரைப் பார்த்து, இறந்துபோன இன்னொரு நண்பரின் பெயரைச் சொல்லி நலம் விசாரித்தார்.

வீட்டில் டீச்சருக்கு வேறு ஒரு கவலை. கணவருடைய மப்ளரிலும் கோட்டிலும் புகை வாசனை அடித்தது. மகள் லோயிஸ் பிறந்த அன்று பீடியை விட்டவர் பவுல்ராஜ். டீக்கடையில் மறுபடியும் தொடங்கிவிட்டார் என்று டீச்சர் முடிவு செய்தார். தலைவலிக்கும் தடுமாற்றத்துக்கும் அதுதான் காரணம் என்று சண்டை போட்டார். பவுல்ராஜ் இல்லை என்றார். காது கேளாதவரோடு போடும் சண்டை அக்கம்பக்கத்துக்கெல்லாம் கேட்கும், எனக்கும் கேட்டது. இல்லை என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னதும், அப்புறம் ஒரு கட்டத்தில் சொல்வதை நிறுத்திக்கொண்டதும் கேட்டது.

மகள் லோயிஸ் பெங்களூரிலிருந்து வந்தாள். வங்கியில் வேலை, இரண்டு பிள்ளைகள். அப்பா ஒரு காலைப் பொழுதில் பேத்தியின் பெயருக்காகத் தடுமாறியதைப் பார்த்துவிட்டு அடுப்படியில் போய் அழுதாள். வயசானவர்களுக்கு வரும் மறதி நோயாக இருக்கலாம் என்று குன்னூர் டாக்டர் சொல்லியிருந்தார். கோயமுத்தூரில் பெரிய டாக்டரிடம் நாள் குறித்துக் கொடுத்திருந்தார்கள். தலையை ஸ்கேன் எடுக்க வேண்டும். லோயிஸ் அதற்குள் பெங்களூரில் ஓர் அறையை ஒழித்துக் கட்டில் போட்டுவிட்டாள். அப்பாவும் அம்மாவும் அங்கே வந்துவிட வேண்டியது, காரை விற்றுவிட வேண்டியது, வீட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பது அவள் திட்டம். தப்பான திட்டம் என்று யாரும் சொல்ல முடியாது.

அந்த வாரமும் டீச்சர் காலையில் பானட்டைத் தூக்கிக்கொண்டு நின்றார். லோயிஸ் ஷெட்டு வாசலில் வந்து நின்றாள். “அப்பா இப்படி இருக்கறப்ப கார் சத்தம்தான் முக்கியமாம்மா?”

டீச்சர் கண்ணைத் திறக்கவில்லை. “ரெண்டும் எனக்குத் தெரியணும்,” என்றார்.

மகள் ஊர் திரும்பியபோது அம்மாவைப் பற்றியும் கொஞ்சம் கவலையோடுதான் போனாள். சர்ச்சில் சில பேர் என்னிடமே கேட்டார்கள், டீச்சருக்கு மனசு சரியில்லையா என்று. பெரிய துன்பத்தைப் பார்க்கப் பயந்துகொண்டு சின்னதைப் பிடித்துக்கொள்கிறார் என்று நானும் நினைத்தேன்.

நவம்பரில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு விடியற்காலை கேத்திக்குக் கீழே மண் சரிந்து ரோட்டை மூடியது. தேயிலைச் செடிகளோடு ஒரு சரிவு அப்படியே இறங்கி வந்து தார் ரோட்டின் மேல் உட்கார்ந்துவிட்டது. புல்டோசர் வந்து அள்ள ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. கார் ஷெட்டிலேயே நின்றது. டீச்சர் மலை ரயிலில் பள்ளிக்கூடம் போனார். வழுக்கும் பாதையில் ஸ்டேஷன் வரை இறங்க வேண்டாம் என்று பவுல்ராஜை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனார். அவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி என்னிடம் கேட்டுக்கொண்டார். ரோடு இல்லாததால் நானும் பாதி நாள் லீவு.

நான் பார்த்துக்கொள்ள வேண்டிய அவசியம் ஏற்படவில்லை. முதல் இரண்டு நாள் பவுல்ராஜ் சும்மா மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் என் அயர்ன் பாக்ஸைக் கேட்டு வாங்கிப் பிரித்து, ஒயரை மாற்றிப் பூட்டிக் கொடுத்தார். அதற்கடுத்த நாள் குந்தாவில் ஒருமுறை டர்பைன் குழிக்குள் காட்டெருமைக் கன்று விழுந்த கதையைச் சொன்னார். அன்று யார் யார் ஷிஃப்டில் இருந்தார்கள், கயிறு எங்கிருந்து வந்தது என்பதெல்லாம் அதில் இருந்தது. பெயர் ஒன்றும் தடுக்கவில்லை. சாயங்காலம் டீச்சரிடம் சொன்னேன். “நானும் பார்த்தேனுங்க. மழைக்கு நல்லா இருக்காரோ என்னமோ,” என்றார்.

சனிக்கிழமை மழை விட்டது. கார் ரொம்ப நாள் நின்றால் பேட்டரி இறங்கிவிடும் என்பதால் டீச்சர் ஷெட்டுக்குள் போய் ஸ்டார்ட் செய்தார். எங்கும் போகிற எண்ணம் இல்லாததால் பவுல்ராஜ் அன்று காருக்குள் ஏறவில்லை. காபி டம்ளரோடு வந்து மனைவிக்குப் பக்கத்தில் எஞ்சின் முன்னால் நின்றார். டீச்சர் காதைச் சாய்த்தார். சத்தம் வந்துவிட்டது என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

பவுல்ராஜ் டம்ளரை என்னிடம் கொடுத்துவிட்டு இடது கை விரல்களை விரித்து எஞ்சினின் மேல்மூடியில் வைத்தார். சற்றுத் தள்ளி வைத்தார். பக்கவாட்டில் வைத்தார். ஒவ்வொரு இடத்திலும் கை கொஞ்ச நேரம் தங்கியது. டர்பைன் ஓடுகிற ஓட்டத்தை இப்படித்தான் பார்ப்பார்களாம். காது போன பிறகு அவருக்கு மிச்சம் இருந்த வழி அது.

“இப்ப அடிக்குதா?” என்று சத்தமாகக் கேட்டார். டீச்சர் தலையாட்டினார்.

“என் கையில அடிக்கல யூனிஸ். டேப்பெட்டுன்னா இரும்பு இரும்பை இடிக்கணும். இடிச்சா விரலுக்குத் தெரிஞ்சே ஆகணும். இது இடி இல்ல.”

டீச்சர் மறுபடியும் குனிந்தார். இந்த முறை அவர் கேட்டது வேறு மாதிரி இருந்தது. எங்கே என்று தேடவில்லை, என்ன என்று தேடினார். நிமிர்ந்து, கணவரின் காதருகே வாயைக் கொண்டுபோய்ச் சொன்னார். “ஆமாங்க. இரும்புன்னா ரீங்காரம் இருக்கும். இதுல இல்ல. வாயில காத்தை அடக்கி விடற சத்தம். காத்துங்க இது.”

திங்கட்கிழமை ரயிலில் இறங்கியதும் பள்ளிக்கூடத்துக்குக்கூடப் போகாமல் நேராக மாரப்பனிடம் போனாராம். வண்டி உங்களிடம் வருவதற்குள் வாயை மூடிக்கொள்கிறது, அது பேசுகிற நேரத்தில் நீங்கள் அங்கே வரவேண்டும் என்று சொல்லியிருக்கிறார். மாரப்பன் கடையைத் திறக்க வேண்டும், இரண்டு ஜீப் நிற்கிறது என்று இழுத்திருக்கிறார். டீச்சர் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். பெல் அடிக்கிற நேரம் வந்தும் எழுந்திருக்கவில்லை. மாரப்பனுக்கு டீச்சரைத் தெரியும். ரோடு திறந்த மறுநாள் முதல் பஸ்ஸில் வருகிறேன் என்று ஒப்புக்கொண்டார்.

வந்தார். குரங்குக் குல்லா, தோளில் சாமான் பை, கையில் ஒரு முழ ரப்பர் குழாய். குழாயின் ஒரு முனையைக் காதில் செருகிக்கொண்டு மறுமுனையை எஞ்சின் மேல் நகர்த்தினார். டீச்சர் ஸ்டார்ட் செய்தார். எஞ்சின் கல்லாய்ச் சில்லிட்டுக் கிடந்ததால் சத்தம் அன்று எனக்கே கேட்டது. மாரப்பன் மேல்மூடியிலிருந்து இடது பக்கம் இறங்கினார். எரிந்த புகையை எஞ்சினிலிருந்து வாங்கிச் சைலன்சர் குழாய்க்கு அனுப்பும் கனத்த இரும்புக் கிளைகள் அங்கே இருக்கின்றன. அதன் கடைசி மூலையில், காருக்குள் உட்காருகிறவர்களின் காலுக்கு நேராக வரும் இடத்தில், குழாய் நின்றது. மாரப்பன் சட்டென்று தலையைப் பின்னுக்கு இழுத்தார்.

“ஊதுபத்தி இருக்குதுங்களா?”

டீச்சர் வீட்டில் ஏது ஊதுபத்தி? நான் ஓடிப்போய் என் சாமிப் படத்துக்கு முன்னால் இருந்ததை எடுத்து வந்தேன். மாரப்பன் அதைப் பற்றவைத்து அந்த மூலைக்குக் கிட்டே பிடித்தார். நேராக எழுந்துகொண்டிருந்த புகை நூல், ஒவ்வொரு டிக்குக்கும் ஒரு தரம் பக்கவாட்டில் தள்ளப்பட்டது. இரும்புக்கும் இரும்புக்கும் நடுவில் வைத்திருக்கும் கேஸ்கெட் எரிந்துபோய், அந்தச் சந்தில் புகை பீறிட்டுக்கொண்டிருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தோம். சுற்றிலும் கரி, விசிறி மாதிரி படிந்திருந்தது.

“காத்துத்தானுங்க டீச்சர். நீங்க சொன்ன மாதிரியே,” என்றார் மாரப்பன். சூடானால் இரும்பு விரிந்து சந்து பாதி மூடிக்கொள்வதால்தான் தன் கடையில் சத்தம் கேட்கவில்லை என்றும், ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது அப்போதும் கசியத்தான் செய்திருக்கும் என்றும் சொன்னார். சொல்லிக்கொண்டே டார்ச்சைக் கொஞ்சம் பின்னால் நகர்த்தினார். எஞ்சினுக்கும் காரின் உட்பக்கத்துக்கும் நடுவில் இருக்கும் தகட்டில், ரூபாய் நாணயம் நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை. முன்பு வைத்திருந்தவர் யாரோ ரேடியோ ஒயர் விடுவதற்குப் போட்டது. ரேடியோவும் இல்லை, ஓட்டையை அடைத்திருந்த ரப்பரும் இல்லை. ஓட்டையின் விளிம்பும் கறுத்திருந்தது.

மாரப்பன் எஞ்சினை நிறுத்தச் சொன்னார். ஷெட்டு திடீரென்று அமைதியானது. கேட்பதற்குச் சங்கடப்படுகிறவர் போலக் கேட்டார்.

“இந்தப் பக்கம் முன்னால யாருங்க உக்காருவாங்க?”

டீச்சரும் நானும் வாசல் பக்கம் திரும்பினோம். பவுல்ராஜ் ஷெட்டு வாசலில் காபி குடித்துக்கொண்டிருந்தார். எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, என்ன என்று தலையை ஆட்டிக் கேட்டார்.

டீச்சர் இடது பக்கக் கதவைத் திறந்து அந்தச் சீட்டில் உட்கார்ந்தார். கதவைச் சாத்தினார். கண்ணாடியை ஏற்றினார். மாரப்பனைப் பார்த்து ஸ்டார்ட் செய்யுங்கள் என்று கை காட்டினார். வேண்டாங்க டீச்சர் என்று மாரப்பன் இரண்டு தரம் சொன்னார். டீச்சர் காட்டிய கையை இறக்கவில்லை. மாரப்பன் சாவியைத் திருப்பிவிட்டு இறங்கி, அந்தப் பக்கத்துக் கைப்பிடியைப் பிடித்தபடியே நின்றார். கொஞ்ச நேரத்துக்குள் அவரே கதவைத் திறந்து டீச்சரை வெளியே இழுத்துவிட்டு எஞ்சினை நிறுத்தினார். டீச்சரின் ஸ்வெட்டரில், நாங்கள் எல்லோரும் இத்தனை நாள் பீடி என்று நினைத்த வாசனை லேசாக அடித்தது.

டீச்சர் கணவரிடம் நடந்து போனார். மப்ளரைக் காதிலிருந்து விலக்கினார்.

“நீங்க பீடி குடிக்கலீங்க.”

பவுல்ராஜுக்குக் கேட்டது. “அதைத்தான நானும் சொன்னேன்,” என்றார். கோபமே இல்லை. மிச்சக் காபியை மனைவியிடம் நீட்டினார். டீச்சர் வாங்கிக் குடித்தார்.

அன்றைக்கு அவர் அழவில்லை. ஆனால் இரண்டு நாள் கழித்து, துணி காயப்போடும்போது என்னிடம் ஒரே ஒரு முறை சொன்னார். “நான் வெளிய நின்னு கேட்டுட்டே இருந்தேனுங்க. இன்னுங் கொஞ்சம் கேட்டா தெரிஞ்சிரும், இன்னுங் கொஞ்சம் கேட்டா தெரிஞ்சிரும்னு. அவரு உள்ள கண்ணாடிய ஏத்திட்டு உக்காந்திருந்தாரு.” குன்னூர் போகிற வழியில் தன் பக்கத்துக் கண்ணாடியைச் சத்தம் கேட்பதற்காக எப்போதும் இறக்கியே வைத்திருந்ததையும் சொன்னார். அதனால்தான் டீச்சருக்குத் தலை வலித்ததில்லை. நான் ஏதோ சமாதானம் சொல்லப் போனேன். அவர் கிளிப்பை வாயில் கவ்விக்கொண்டார். பேச்சு அதோடு முடிந்தது.

கோயமுத்தூருக்குக் குறித்த நாளில் பஸ்ஸில் போனார்கள். லோயிஸும் நேராக அங்கே வந்துவிட்டாள். டீச்சர் டாக்டரிடம் காரின் கதையை முதலிலிருந்து சொன்னார். அந்த டாக்டர் நடுவில் நிறுத்தவில்லை. மூடிய காருக்குள் வரும் அந்தப் புகை தலைவலி, மயக்கம், குழப்பம் எல்லாவற்றையும் கொண்டுவரும் என்றும், இத்தனை நாள் கழித்து ரத்தத்தில் அதற்குத் தடயம் இருக்காது என்றும், அது ஒன்றுதான் காரணம் என்று தன்னால் அடித்துச் சொல்ல முடியாது என்றும் சொன்னார். ஸ்கேன் எடுத்தார். வயசுக்கு மீறி ஒன்றும் இல்லை. புகையிலிருந்து விலகியிருக்கட்டும், இரண்டு மாதம் பார்க்கலாம் என்று அனுப்பினார். லோயிஸ் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தாளாம். பெங்களூர் அறையில் இப்போது பிள்ளைகள் படிக்கிறார்கள்.

பவுல்ராஜ் தேறினார். ஒரேயடியாக அல்ல. ஒரு வாரம் நன்றாக இருந்து ஒரு நாள் மங்குவார். டிசம்பர் கடைசியில் கிறிஸ்துமஸ் நட்சத்திரத்துக்கு ஏணி போட்டு ஏறி ஒயர் இழுத்தபோது, பல்பு ஹோல்டர் எங்கே வைத்திருக்கிறது என்று டீச்சருக்கே சொன்னார். இன்னமும் சில பெயர்கள் தாமதமாகத்தான் வருகின்றன. ஆனால் எனக்கும் அப்படித்தான்.

கார் மாரப்பனிடம் போய் வந்தது. புதுக் கேஸ்கெட், ஓட்டைக்குத் தகடு வைத்து அடைப்பு. மாரப்பன் ஓட்டிக்கொண்டு வந்து விட்டார். டீச்சர் அதை உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. தான் இடது சீட்டில் உட்கார்ந்துகொண்டு, எல்லாக் கண்ணாடிகளையும் ஏற்றிவிட்டு, மாரப்பனை ஊட்டி வரை ஓட்டச் சொன்னார். திரும்பி வந்தார்கள். மறுநாளும் ஓட்டச் சொன்னார். மாரப்பன் முகம் சுளிக்காமல் வந்தார். மூன்றாம் நாள் அவரே கேட்டாராம், இன்னிக்கும் வரட்டுங்களா டீச்சர் என்று. போதும் என்று டீச்சர் சொன்னபோது மாரப்பன் முகத்தில் பரீட்சையில் பாஸான களை இருந்தது. அதற்கப்புறம் ஒர்க்‌ஷாப்பில் எந்த வண்டி வந்தாலும், காலையில் முதல் ஸ்டார்ட்டில் எப்படி இருக்கிறது என்று கேட்பதை அவர் வழக்கமாக்கிக்கொண்டார்.

ஜனவரியில் பள்ளிக்கூடம் திறந்த அன்று நானும் அருவங்காடு வரை வருகிறேன் என்று பின்சீட்டில் ஏறிக்கொண்டேன். ஷெட்டுக் கூரையில் உறைபனி. பவுல்ராஜ் முன்னால் ஏறிக் கதவைச் சாத்தினார். டீச்சர் சாவியைத் திருப்பினார். எஞ்சின் இருமி, பிடித்து, சீராக ஓடத் தொடங்கியது. டீச்சர் இறங்கவில்லை. ஸ்டியரிங்கில் கை வைத்தபடி கண்ணை மூடிக்கொண்டிருந்தார். நானும் காதைத் தீட்டினேன். எஞ்சின் ஓடுகிற சத்தம் மட்டும்தான் இருந்தது.

பவுல்ராஜ் மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எஞ்சின் ஓடுவதே கேட்டிருக்காது. “அடிக்குதா?” என்று கேட்டார்.

டீச்சர் கியர் பக்கம் போன கையை எடுத்துக் கணவரின் முழங்கால் மேல் வைத்தார். உள்ளங்கையை விரித்து, ஒரு விரலும் அசையாமல், கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார்.